நான் எட்டு போட்ட கதை

சென்ற செவ்வாய்க்கிழமை நான் எட்டு போட்டேன்!

சிரிக்காதீர்கள். நாற்பத்திரண்டு வயதில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆர்.டி.ஓ. மைதானத்தில், காலைத் தரையில் ஊன்றாமல் ஸ்கூட்டரில் முழுசாக ஓர் எட்டு. ஓட்டிப் பாருங்கள், கஷ்டம் தெரியும்.

இந்த வயதில் எதற்கு என்கிறீர்களா? பன்னிரண்டு வருஷமாக ஆபீஸில் எனக்கு ஒரே நாற்காலி, ஒரே டைப்ரைட்டர். திடீரென்று ஃபீல்டு சூப்பர்வைசர் வேலை காலியானது. மேனேஜர் கூப்பிட்டார். "உங்களுக்கே தரேன் மேடம். ரெண்டு மாசத்துல டூவீலர் லைசென்ஸ் காட்டணும். இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்."

எனக்கு அந்த வேலை வேண்டும். வாழ்க்கையில் எதற்கும் நான் இப்படி ஆசைப்பட்டதில்லை.

வீட்டில் சொன்னேனோ இல்லையோ, ஜோகுபாளையத்தில் எங்கள் சந்தே களத்தில் இறங்கிவிட்டது. மகள் ரம்யா தினமும் காலையில் வாசலில் கோலத்துக்குப் பதிலாக, தெருவை அடைத்து ஓர் எட்டு போட்டாள்... கோலப்பொடியில்! அதன்மேல் நான் ஓட்ட வேண்டும். மூன்று சுற்றில் எட்டு அழிந்து, டயர் தடம்தான் இருக்கும். அவள் சலிக்காமல் மறுபடி போடுவாள்.

என் கணவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஓடுவார். "பிரேக்கைப் புடிக்காதடி! திருப்பு, திருப்பு!"

எதிர்வீட்டு நூர் அக்கா மாடியிலிருந்து கத்துவார். "ஷாபாஷ் ஷீலா! டரோ நக்கோ... பயப்படாம ஓட்டு!"

ஒரே மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு எட்டு போடும் அளவுக்குத் தேறிவிட்டேன். டெஸ்டுக்குத் தனியாகவே போனேன். ராணி மாதிரி!

மைதானம் கப்சிப் என்று இருந்தது. இன்ஸ்பெக்டர் கையில் அட்டையோடு நின்றார். முதல் வளைவிலேயே காலை ஊன்றிவிட்டேன். ஃபெயில்.

அடுத்த வாரம் மறுபடி போனேன். அதே வளைவு, அதே கால். வீட்டுக்கு வந்து கேவிக் கேவி அழுதேன்.

"நம்ம தெருவுல ஒரு நாளும் கால் ஊனலியேடி, அங்க மட்டும் என்ன?" என்றார் கணவர்.

"அங்க யாருமே கத்தலீங்க" என்று உளறினேன்.

அவர் சிரிக்கவில்லை. "அவ்ளோதானா?" என்றார்.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது தடவை. மேனேஜர் சொன்ன கெடுவுக்கு நான்கே நாள் பாக்கி. கணவர் அரை நாள் லீவு, ரம்யா காலேஜுக்கு மட்டம், நூர் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஆஜர். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. மூவரும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நான் வண்டியைக் கிளப்பியதுதான் தாமதம். "திருப்புடி! திருப்பு!" "முன்னால பாரும்மா!" "டரோ நக்கோ!"

கன்னடக்கார இன்ஸ்பெக்டர் மிரண்டுபோனார். "இல்லி ஏனு மதுவே நடீத்தாயிதா?" இங்கே என்ன கல்யாணமா நடக்கிறது என்கிறார்!

அதற்குள் நான் எட்டை முடித்திருந்தேன். கால்? வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. பாஸ்! அங்கேயே குதித்தேன், ஸ்கூட்டரைக் கட்டிக்கொண்டேன். வெட்கமாவது ஒன்றாவது!

தன்னம்பிக்கை நமக்குள்ளேயே ஊறும் என்று எழுதுகிறார்கள். எனக்கென்னவோ, வேலிக்கு அந்தப் பக்கம் நமக்காகக் கத்த மூன்று பேர் நின்றால்தான் ஊறுகிறது.

அடுத்த நம்பர், என் வயதுப் பெண்மணி ஒருவர். தனியாக வந்திருந்தார். வளைவில் வண்டி தள்ளாடியது. ஓடிப்போய் வேலியோரம் என் ஆட்களோடு நின்றுகொண்டேன். பெயர் தெரியாது, ஊர் தெரியாது... "அக்கா! கால் இடபேடி! ஹோகி, ஹோகி!" காலை ஊன்றாதீங்க, போங்க போங்க என்று கன்னடத்தில் நாலு பேரும் தொண்டை கிழியக் கத்தினோம்.

அவரும் காலை ஊன்றவில்லை!

வெள்ளிக்கிழமை லைசென்ஸை மேனேஜர் மேஜையில் வைத்து, "வேலை எனக்குத்தானே சார்?" என்று கேட்க வாயைத் திறந்தேன். வேலியோரம் கத்திய கத்தலில் தொண்டை இன்னும் கட்டியிருந்தது; வெறும் காற்றுதான் வந்தது.