மொட்டைப் பெயர்

என் பிள்ளை வீட்டை விட்டுப் போய் ஐந்தாம் நாள் திரும்பி வந்தான். கல்லூரியில் ஆறு பாடங்கள் அரியர் விழுந்ததை ஒன்றரை வருடம் மறைத்திருந்தான். தெரிந்த அன்று நான் கத்திய கத்தலில்தான் போனான். நான்கு நாளும் போன் அணைந்தே கிடந்தது. தரமணி ரயில் நிலையத்திலும் பெசன்ட் நகர் மணலிலும் அவனுடைய நீலச் சட்டையைத் தேடிக்கொண்டு நடந்தேன். பிறகு அவனாகவே வந்து வாசலில் நின்று, "பசிக்குதும்மா" என்றான். எங்கே இருந்தான் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இரண்டு வருடம் ஆகிறது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டால் இப்போதும் கதவருகே போய் நிற்கிறேன்.

அந்த நான்கு நாளை எழுதினேன். அலுவலகத்தில், சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்த பிறகு மிச்சமிருக்கும் கால் மணி நேரத்தில். எழுதி முடித்தால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை, நூறு பக்கம்தான் சேர்ந்தது. இப்படி ஒருத்தி எழுதியது அன்றைக்கு என் கையில் கிடைத்திருந்தால் பிடித்துக்கொண்டிருப்பேன். அதனால் நானே ஐம்பது பிரதி போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். பதிப்பகம் என்றால் புகைப்படம் கேட்பார்கள், மேடை ஏறச் சொல்வார்கள். மயிலாப்பூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடை எனக்குப் போதும்.

சொந்தப் பெயரில் போட முடியாது. அபிராமபுரத்தில் எங்கள் அடுக்குமாடியில் எல்லோரிடமும் "ஊருக்குப் போயிருக்கான்" என்று சொல்லி வைத்திருந்தோம். என் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துதான், என் கணவர் பெயரின் முதல் எழுத்து, அவன் பெயருக்கு முன்னாலும் நிற்கிறது. என்னைத் தெரிந்தால் அவனைத் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்பிருந்த இனிஷியலைப் போட்டுப் பார்த்தேன். பள்ளித் தோழிகள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். பூக்களின் பெயர்களைத் தேடினேன், நதிகளின் பெயர்களைத் தேடினேன். எதைத் தேடினாலும் அதில் ஏற்கெனவே யாராவது எழுதிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொள்வதும் நம்மிடம் வழக்கம்தான். எனக்கு அது ஒன்று மட்டும் கூடாது. ஒரு மாதம் இப்படியே போனது. கடைசியில், அவன் பெண்ணாகப் பிறந்திருந்தால் வைப்பதற்கு எடுத்து வைத்திருந்த பெயர் ஞாபகம் வந்தது. யாருக்கும் ஆகாமல் கிடந்த பெயர். அதை எழுதிக் கொடுத்தேன்.

கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மேடம், இனிஷியல் இல்லாம மொட்டையா கீது?"

"அப்படியே இருக்கட்டும்."

"மொட்டைக் கடுதாசி மாதிரி கீது மேடம். புக்குன்னா ஒரு கெத்து வாணாவா?"

"வேண்டாங்க."

நான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போல. பக்கங்களை நான் அனுப்பிய மின்னஞ்சலில் இருந்த இனிஷியலை எடுத்து அவராகவே முன்னால் சேர்த்துவிட்டார். சேர்த்ததோடு நிற்காமல், எங்கள் வீட்டுப் பக்கம் வந்தபோது, மாதிரிப் பிரதியை வீட்டிலேயே கொடுத்துவிட்டும் போயிருந்தார்.

நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது என் பிள்ளை சோபாவில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தான். புத்தகத்தைப் பற்றி அவனிடம் சொல்லியிருக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தேன். செருப்பைக் கழற்றாமல் நின்றேன்.

"இது நான்தானேம்மா" என்றான்.

"உள்ள எங்கயும் உன் பேர் கிடையாதுடா."

"உள்ள இல்ல. அட்டையில." விரலை வைத்துக் காட்டினான். "பொண்ணா பொறந்திருந்தா எனக்கு இந்தப் பேர்தான்னு நீயே சொல்லியிருக்க. முன்னாடி அப்பா இனிஷியல் வேற. மார்க் ஷீட்டுல இப்படித்தான் வந்திருக்கும். அதுலயும் அரியரோட."

சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒரு மாதம் அலைந்து அவனை மறைக்க நான் கண்டுபிடித்தது அவனைத்தான்.

"நீ வேண்டாம்னா புக்கே போடல. சத்தியமா."

அவன் கடைசிப் பக்கம் வரை படித்தான். நான் சமையலறைக்குப் போய், துலக்கி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடி துலக்கினேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கை ஈரத்தோடு ஓடி வந்தேன்.

"எங்கடா போற?"

அவன் கையில் அந்த மாதிரிப் பிரதி இருந்தது.

"டி.டி.பி. கடைக்கு. அந்த எழுத்தை எடுக்கச் சொல்லிட்டு வரேன். அது எனக்கு வேணும். மிச்சப் பேர நீ வெச்சுக்கோ." படியில் இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினான். "போன் ஆன்லதான் இருக்கும்மா."

பால்கனியில் நின்று, அவன் தெரு முனை திரும்பும் வரை பார்த்தேன். பிறகும் நின்றேன். கால் வலித்தது, உட்காரத் தோன்றவில்லை. போன் அடித்தது.

"அம்மா, இவர் விட மாட்டேங்கறாரு. மொட்டையாத்தான் போடணுமான்னு கேக்கறாரு."

"மொட்டையாவே போடச் சொல்லு" என்றேன். "போட்டதும் நேரா வீட்டுக்கு வா."