மூடியில்லாத வீடு

தாமத்ரியா வீட்டில் எந்தப் பாத்திரத்துக்கும் மூடி கிடையாது. பாற்கட்டியில் ஈ மொய்க்கும், எண்ணெயில் தூசி விழும். பக்கத்து வீட்டுக்காரி நான். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஏன் என்று மட்டும் கேட்டதில்லை. எனக்குத் தெரியும்.

அவள் புருஷன் மாந்த்ரோன் சாமோஸ் தீவுக்காரன், யாழ் செய்கிறவன். எங்கள் ஸ்பார்ட்டாவுக்கு அவ்வப்போது ஒரு கிறுக்குப் பிடிக்கும். அயலார் எல்லாரும் பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்டவேண்டும் என்று கட்டியக்காரன் கூவிக்கொண்டு போவான். அந்த வருஷமும் கூவினான்.

"அடுத்த வருஷம் வந்துர்றேன்டி" என்று மாந்த்ரோன் மூட்டை கட்டினான்.

"போனவங்க யாரு வந்தாங்க?" என்று அழுது மல்லுக்கட்டி, தரையில் கழுத்துவரை புதைத்திருந்த தானியத் தாழிக்குள் அவனை இறக்கிவிட்டாள். காற்றுப் போக, கல்மூடிக்கு அடியில் ஒரு குச்சி வைத்தாள்.

காவலர் இருவர் வந்து வீட்டைத் துழாவினார்கள். மூத்தவன் "அப்பாடா" என்று அந்த மூடிமேலேயே உட்கார்ந்தான். குச்சி முறிந்தது.

"உன் ஆளு எங்க?"

"காலையிலயே போயிட்டாரு."

"கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணியக் காணோமே!"

"போனவருக்கு எதுக்கு அழணும்?" என்று சிரித்து, அத்திப்பழம் எடுத்துக் கொடுத்தாள்.

என்னவோ ஏதோ என்று எட்டிப்பார்க்க நான் போன நேரம், தாழிக்குள்ளிருந்து தட்டும் சத்தம். அவள் சட்டென்று பார்லியை உரலில் கொட்டினாள். "அக்கா, ஒரு கை குடுங்க." அவள் கண்ணைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இன்னொரு உலக்கையை நான் எடுத்தேன்.

"என்ன, ஊருக்கே விருந்தா?" என்று மூடிமேல் இருந்தவன் சிரித்தான். தன் குதிரையின் பெருமையைப் பேசியபடி ஒவ்வொரு பழமாகத் தின்றான். நாங்கள் இடித்தோம். உள்ளே தட்டுவது நின்றது. நல்லவேளை, அடங்கிவிட்டான் என்று நினைத்தேன். பாவி நான், நிம்மதியாக நினைத்தேன்.

அவர்கள் போனதும் மூடியை நகர்த்தினோம். அவன் விரல்நுனியெல்லாம் ரத்தம். பிடிபட்டிருந்தால் எல்லைவரை நடத்திக்கொண்டு போய் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

போன மாதம் கட்டியக்காரன் மறுபடி கூவினான். இங்கே வாழ்க்கைப்பட்ட கொரிந்து ஊர்ச் சாயக்காரி ஓடிவந்து தாமத்ரியாவின் காலில் விழுந்தாள். "எங்கயாச்சும் ஒளிச்சு வைங்கம்மா!"

தாமத்ரியா ரொட்டியைக் கட்டிக் கையில் கொடுத்தாள். மணிக்கட்டைப் பிடித்து, எல்லைவரை தானே கூட்டிப்போய் விட்டாள். "உசுரோட போ. எங்கயோ இருக்கேன்னு உன் புருஷன் நெனச்சுக்கட்டும்."

அவள் திரும்பி வந்தபோது நான் என் வாசலில் பார்லி இடித்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் உலக்கையைக் கீழே வைத்துவிட்டேன்.

"யாரு தட்டுறது, அக்கா?" என்றாள்.

எனக்கும் கேட்டது.