சகாயமேரி தந்த மூன்று கட்டங்கள்

சிதம்பரத்தில் வலைத்தளங்கள் செய்து கொடுத்துவந்த சகாயமேரி போன செவ்வாய்க்கிழமை காலை இறந்துவிட்டார். வயது நாற்பத்தொன்று. அவருடைய கணவர் லூர்துசாமி போன் செய்தபோது நான் குடோனில் வலைக்கட்டுகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். "அண்ணே, மேரி போயிட்டா" என்றார். இரண்டு சிறுநீரகமும் கெட்டு மூன்று வருடமாக டயாலிசிஸில் இருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவரிடம் தளம் செய்துகொண்ட நம் பதினொரு பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதனால்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: கடலூர் முதுநகரில் மீன்பிடி வலையும் கயிறும் விற்கிறேன். படிப்பு எட்டாவதோடு நின்றது. சைக்கிளில் கயிறு விற்றுத்தான் கடை வைத்தேன். நைலான் விலை அடிக்கடி மாறும். பிச்சாவரம் பக்கத்துப் படகுக்காரர்கள் அவ்வளவு தூரம் வந்து விலை கேட்காமல் போனிலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் வலைத்தளம் வைக்க நினைத்தேன்.

கீழ வீதியில் துணிக்கடை மாடியில் இருந்த சகாயமேரியின் ஒற்றை அறைக்குப் போய், சென்னைக் கம்பெனி ஒன்று எழுதிக்கொடுத்திருந்த நீளப் பட்டியலை நீட்டினேன். படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"தெனம் காலையில வெலையை யாருண்ணே மாத்துவா?"

"நீதாம்மா. அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"நான் மாத்த மாட்டேன். நீங்களே மாத்தறதா இருந்தா சொல்லுங்க, செஞ்சு தரேன்."

வாசலுக்கு வந்த வாடிக்கையை இப்படி அனுப்புகிறவர் எப்படிப் பிழைக்கிறார் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன். ஆனாலும் அடுத்த வாரம் போனேன். மூன்று கம்ப்யூட்டரில் மூன்று விதமான சி.எம்.எஸ். போட்டு வைத்திருந்தார். தளத்தில் இருக்கும் எழுத்தையும் படத்தையும் விலையையும் நாமே மாற்றிக்கொள்ள உதவும் மென்பொருளுக்கு அதுதான் பெயர். "எது நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். மூணுலயும் கயித்து வெலையில பத்து ரூபா ஏத்துங்க" என்று சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முதலாவதில் கால் மணி நேரம் தேடியும் விலை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. இரண்டாவதில் ஒரு பக்கம் முழுவதையும் அழித்துவிட்டேன். மூன்றாவதில் பெயர், விலை, படம் என்று மூன்றே கட்டங்கள். ஒரு நிமிடத்தில் முடிந்தது.

"எல்.கே.ஜி. புள்ளைக்குக் குடுக்கற மாதிரி இருக்கேம்மா."

"எல்.கே.ஜி. புள்ள அழிக்காதுண்ணே. நீங்க ஒரு பக்கத்தையே காலி பண்ணிட்டீங்க."

அதையே வைத்தோம். தினமும் காலை டீ குடிப்பதற்குள் விலையை மாற்றிவிடுவேன். புதிதாக எதையும் அதில் சொருகக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் சொல்லியனுப்பியது.

கூடாது என்றதைத்தான் செய்தேன். என் மச்சான் குமரவேல், "மாமா, ஆர்டரே அதுல வாங்கலாம், ஜாஸ்தி செலவு ஆவாது, நெல்லிக்குப்பத்துல நம்ம பையன் ஒருத்தன் செய்வான்" என்றான். வீட்டு மனிதர் பேச்சைத் தட்ட முடியவில்லை, ஆசையும் இருந்தது. சகாயமேரியிடம் சொல்லாமல் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போவதற்கு முந்தைய வாரம் அது. வருடத்தில் பாதி வியாபாரம் அந்த வாரத்தில்தான். மறுநாள் காலை தளத்தில் எல்லாப் பொருளுக்கும் பழைய விலை நின்றது. மாற்றினால் மாறவில்லை. "நீ போட்ட வெலைதானே, குடு" என்று படகுக்காரர்கள் போனைக் காட்டிக்கொண்டு கடையில் நின்றார்கள். நெல்லிக்குப்பத்துப் பையன் போனை எடுக்கவில்லை.

சகாயமேரிக்கு நான்கு முறை அடித்தேன். ஐந்தாவது முறை எடுத்தார். "எங்கம்மா போய்த் தொலைஞ்ச? என் பொழப்பே போவுது இங்க" என்று கத்தினேன். சொருகியது நான் என்பதைக்கூடச் சொல்லவில்லை. "ஒரு மணி நேரம் குடுங்கண்ணே" என்றார். ஒரு மணி நேரத்தில், தான் எடுத்து வைத்திருந்த நகலை ஏற்றிச் சரிசெய்துவிட்டார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

அடக்கத்தன்று லூர்துசாமி சொன்னார். "அன்னைக்கு மிஷின்ல படுத்திருந்தாண்ணே. ஒரு கையில ஊசி. லேப்டாப்ப நான் புடிச்சுக்கினு நின்னேன், இன்னொரு கையால தட்டினா. நான் போன்ல ரெண்டு வார்த்தை சொல்லிடலாம்னு பார்த்தேன். 'அண்ணன் டென்ஷன்ல இருக்காரு, நீ சும்மா இரு'ன்னுட்டா." சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அங்கே நின்றிருக்க முடியாது.

விலை நின்றுபோன அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒருநாள் என் கடைக்கு வந்த சகாயமேரி, யாருக்குச் சொன்னதென்று தெரியாதபடி ஒரு வார்த்தை சொன்னார்: "நான் இல்லாம ஓடினாத்தான் அது உங்க தளம். அதுவரைக்கும் அது என்னுதுதான்." கூலியை ஏற்றுவதற்கு அடிபோடுகிறார் என்று நினைத்தேன். என் புத்தி அப்படித்தான் போகும். இப்போது புரிகிறது, தான் போன பிறகு நாம் திண்டாடக் கூடாது என்றுதான் நம் எல்லாருக்கும் எளிதானதாகவே பொறுக்கியெடுத்துக் கொடுத்திருக்கிறார். விற்றவன் இல்லாமலே வாங்கியவன் சமாளிக்கும்படி விற்பது: அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான். முப்பது வருடக் கடையில் நான் ஒருநாளும் அப்படி விற்றதில்லை.

நம் பெயர்ப் பட்டியலை விலைக்குக் கேட்டு ஒரு கம்பெனி லூர்துசாமியிடம் வந்திருக்கிறது. அவர் என்னைக் கேட்டார். தர வேண்டாம் என்றேன். இருவரும் பேசி முடித்தது இது: மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பதினொரு பேரும் என் கடை மாடிக்கு வர வேண்டும். வாடகை இல்லை, டீ என் செலவு. அவரவர் தளத்தின் நகலை அவரவரே எடுத்துக்கொள்ள வேண்டும். தளத்தின் பெயரை வருடாவருடம் புதுப்பிக்கும் கட்டணம் அவரவருடையது. உடம்புக்கு முடியாதவர் அதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அந்த மாதம் அவர் வேலையை மற்றவர்கள் பார்ப்பார்கள்.