சிடி கெட்டுப்போகவில்லை அக்கா

போன ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் ஒரு சிடியை டூத்பேஸ்ட் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

நம்புங்கள்! என் பெரியம்மா மகள் செல்வி அக்கா வீட்டில்தான். விரலில் பேஸ்ட்டை எடுத்து, பூப்போல, அவ்வளவு பொறுமையாக... கீறல் விழுந்த சிடிக்கு இதுதான் வைத்தியம் என்று கடைத்தெருவில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நம் ஊரில் வைத்தியம் சொல்லாத ஆள் உண்டா?

அக்கா மகன் கார்த்திக்கு பெங்களூரில் ஏதோ ஸ்டூடியோவில் வேலை. நண்பர்களோடு சேர்ந்து அவன் வெளியிட்ட முதல் ஆல்பம் அது. கூரியரில் அனுப்பியிருந்தான்.

அக்கா வீட்டுக்காரர், மாமா, சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். போன வருஷம் விபத்தில் போய்விட்டார். காரியம் முடிந்து பெங்களூர் போன கார்த்தி, அப்புறம் ஊர்ப்பக்கமே வரவில்லை. போனில் 'சாப்ட்டியா', 'சாப்ட்டேன்' என்பதோடு சரி. அப்படிப்பட்டவனிடமிருந்து பாட்டு வந்தால்? அக்கா தெருவையே கூப்பிட்டு உட்காரவைத்து சிடியைப் போட்டிருக்கிறார்.

ஒரே இரைச்சல். தெரு எழுந்து போய்விட்டது.

அன்று சாயங்காலமே கார்த்தி தானாகப் போன் பண்ணி, எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறான். கெட்டுப்போன சிடியை அனுப்பிவிட்டாய், வெறும் கரகர சத்தம்தான் வருகிறது, வேறு அனுப்பு என்றிருக்கிறார் அக்கா. சரிம்மா என்று வைத்தவன்தான் — அதன்பிறகு போனை எடுப்பதே இல்லை. வேறு சிடியும் வரவில்லை.

குளித்து முடித்த சிடியைத் துடைத்து நான்தான் போட்டேன். இரும்பைத் தரையில் தரதரவென்று இழுக்கிற சத்தம். அதன்மேல் டிரம்ஸ், மூச்சுவிட இடமில்லாமல் அடித்துக்கொண்டு ஓடுகிறது. அடியில் நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் பேஸ். சைரனா, அலறலா என்று தெரியாத ஒன்று நடுநடுவே. ஷோகேஸ் கண்ணாடி கிடுகிடுத்தது.

எனக்குப் பிடிக்கவில்லை. சத்தியமாகப் பிடிக்கவில்லை. ஆனால் என்ன இது என்று தெரிந்துவிட்டது. எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் நண்பர் ஹெட்போனில் இந்த ரகம்தான் கேட்பார். இண்டஸ்ட்ரியல் என்று ஒன்று, டிரம் அண்ட் பேஸ் என்று ஒன்று. கார்த்தி இரண்டையும் கலந்திருக்கிறான். வேண்டுமென்றே காதைக் கிழிக்கிற இசை. எந்தக் கோளாறும் இல்லை.

அதை எப்படிச் சொல்வது? சொன்னேன்.

"அப்ப இது கெட்டுப்போகலியா?"

"இல்லக்கா. அவன் போட்டதே இப்படித்தான்."

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். புள்ளை ஆசையாகக் கேட்டதற்கு என்ன வார்த்தை சொல்லிவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு, முதலிலிருந்து போடச் சொன்னார்.

காதைப் பொத்தவில்லை. கண்ணை மூடவில்லை. பக்கத்து வீட்டில் ஜன்னலைப் படாரென்று சாத்தினார்கள். நிறுத்தவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையசைத்தார். கடைசி வரைக்கும் கேட்டார்.

என் செல்லிலிருந்து கார்த்தியைக் கூப்பிட்டேன். என் நம்பர் என்பதால் எடுத்துவிட்டான். அக்கா வாங்கிக்கொண்டார்.

"கேட்டேன்டா. முழுசா கேட்டேன். யாரு மேலடா உனக்கு இம்புட்டுக் கோவம்?"

அவன் ஏதோ சொன்னான். அக்கா போனை என்னிடம் நீட்டிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்கப்பா மேலயாம். சொல்லாம கொள்ளாம போயிட்டாருன்னு..."

துக்கம் விசாரிக்க ஊரே திரண்டு வருகிறது. செத்தவர்மேல் இருக்கிற கோபத்தை விசாரிக்க யார் வருகிறார்கள்? நானும்தான் மாலையோடு போய், மறுபஸ்ஸில் திரும்பினேன்.

கிளம்பும்போது வாசல்வரை வந்த அக்கா மெதுவாகச் சொன்னார்.

"எனக்கும்தான் அவரு மேல கோவம் இருக்கு தம்பி. அவன் சிடி போட்டுட்டான். நான் என்னத்தப் போட?"