நான் கேட்ட ஐரிஸ்

இந்த நாட்டில் "உங்களுக்கு எது வேண்டும்?" என்று என்னை முதன்முதலில் கேட்டவர் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாதான். எந்தக் கன்ரோனில், அதாவது எந்த மாநிலத்தில், இருக்க வேண்டும் என்பதை அகதிகள் அலுவலகம் தீர்மானித்தது. குளிர்கோட்டு யாரோ போட்டுக் கழித்தது. பேர்ண் ஆஸ்பத்திரிக் குசினியில் தட்டுக் கழுவும் வேலை கிடைத்தது, செய்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஓகஸ்ட் மாதம். அந்த அம்மா தன் ஐரிஸ் பூப் பற்றைகளைக் கிண்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்த என்னை வேலியடியில் மறித்துப் படங்களைக் காட்டினார். கீழ் இதழ்களில் தாடி வைத்த பூக்கள். ஊதா, வெள்ளை, மண்ணிறம், மஞ்சள். கால் கடுப்போடு நின்று எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்த்துவிட்டு, மஞ்சள் நிறம் என்றேன். அதில் இரண்டு கிழங்கு தந்தார். தனக்கே நிறம் மறந்துபோன வேறொன்றையும் சேர்த்துத் தந்தார்.

அடுத்த நாள் எனக்கு விடியவே வேலை. "நீர் போம், நான் நடுறன்" என்றார் கணவர். இஞ்சி நடுகிற மாதிரி ஆழமாய் நட்டு, மண்ணும் அணைத்து, அரிசி கழுவின தண்ணீரை நாள் தவறாமல் ஊற்றினார் மனுசன். ஐரிஸ் கிழங்கு வெயிலில் முதுகு காயவேண்டிய சாதி என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அந்த அம்மா வந்து பார்த்துத் தலையில் கைவைத்தார். கிண்டினால் இரண்டு கிழங்கு அழுகி நாறின. தப்பிய ஒன்றை மேலாக வைத்தோம். அது எந்த நிறம் என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

முதல் வருடம் இலை மட்டும். அடுத்த மே மாதம் மொட்டு வந்தது. தலை சீவி இழுக்கவே அலுத்துப்போகும் நான், ஒவ்வொரு விடியலும் அதைப் போய்ப் பார்த்தேன்.

விரிந்தது மண்ணிறப் பூ. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சப்பாத்தோடு படியில் இருந்துவிட்டேன்.

"வடிவாத்தானே இருக்கு? ஒரு பூவுக்கு இவ்வளவோ?" என்றார் கணவர்.

"பூவுக்கில்லை. இஞ்ச வந்து நான் எனக்கெண்டு தெரிஞ்செடுத்தது அந்த மஞ்சள் ஒண்டுதான்."

அவர் பக்கத்தில் வந்து இருந்தார். "என்னட்டை எது வேணுமெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

எனக்குக் கோபம் இறங்கிவிட்டது. "சரி, நான் கேக்கிறன். உங்களுக்கு என்ன நிறம் வேணும்?"

நிறங்களை ஒவ்வொன்றாய் விரல்விட்டு எண்ணினார். ஒன்றிலும் விரல் நிற்கவில்லை.

"எதெண்டாலும் பரவாயில்லை" என்றார்.