கொட்டாங்குச்சித் தண்ணீர்

மஞ்சக்குட்டை பக்கம் நான் தங்கிய எஸ்டேட் பங்களாவின் தோட்டக்காரர் கையில் எப்போதும் ஒரு கொட்டாங்குச்சி இருக்கும். தலையில் கம்பளித் தொப்பி, வெறுங்கால். சென்னையில் இருக்கும் முதலாளி, போட்டோவுக்கு அழகாக இருக்குமென்று கள்ளியையும் ஹைட்ராஞ்சியா பூச்செடியையும் வாசலில் அருகருகே நட்டு, இரண்டுக்கும் ஒரே சொட்டுநீர்க் குழாய் போட்டிருந்தார். கள்ளிக்குச் சொட்டுவதை இவர் கொட்டாங்குச்சியில் ஏந்தி ஹைட்ராஞ்சியாவுக்கு ஊற்றுவார்.

"ஏன் இப்படி?" என்றேன்.

"கள்ளிக்கு வெயிலு போதுமுங்க, தண்ணி நின்னா வேரு அழுகிரும். இது வெயிலு தாங்காது, நொம்பத் தண்ணி குடிக்கும். சொன்னா அவரு கேக்கறதில்லீங்க."

அப்போதே அவருடைய போன் அடித்தது. வாசலில் மாட்டியிருந்த கேமரா வழியாக முதலாளி சென்னையிலிருந்தே பார்த்துவிட்டார். எதையும் தொடக்கூடாது என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது.

"சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தார். கள்ளியின் அடியில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

போய்விடுவார் என்று நினைத்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஹைட்ராஞ்சியாவுக்கும் வெயிலுக்கும் நடுவே போய் நின்றார். நிற்பதை யார் என்ன சொல்ல முடியும்? மதியம் நான் ஜீப்பில் ஏறும்போதும் நின்றிருந்தார். வெயில் நகர்ந்த அளவுக்கு அவரும் நகர்ந்திருந்தார்.

கள்ளிப் பக்கம் மட்டும் அவர் திரும்பவே இல்லை.