கம்மங்கூளு டேக்

1. யாரு தவறுனது?

நாலு பேர் கறுப்புச் சட்டையில் வந்து நின்றால் எங்கள் ரெக்கார்டிங் ரூமில் முதலில் கேட்பது, "யாருய்யா தவறுனது? வயசு எம்புட்டு?" என்பதைத்தான். சிவகாசியில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போகும் விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பது என் வேலை. பட்டாசுக் கடை, ஜவுளித் தள்ளுபடி, கண்ணீர் அஞ்சலி எல்லாமே என் குரலில்தான் தெருத்தெருவாகப் போகும்.

"யாரும் சாகலக்கா. நாங்க ராப் பாடுறோம். ஒரு பாட்டு பதியணும்" என்றாள் முன்னால் நின்ற பெண்.

அவள் பெயர் மாரீஸ்வரி. ஆனைக்குட்டத்துக்காரி. பட்டாசு கம்பெனியில் கிஃப்ட் பாக்ஸ் பேக்கிங். மேடைக்கு வைத்துக்கொண்ட பெயர் 'திரி'. கூட வந்த மூன்று பையன்களும் அச்சாபீஸ்காரர்கள், அவளுக்கு பீட் போடுகிறவர்கள். ராப் என்றால் வாய்ச்சண்டை என்று நினைத்திருந்த நான், சீக்கிரம் முடித்து அனுப்பிவிடலாம் என்று ஹெட்போனை மாட்டினேன்.

*வாரத்துக்கு நாளு ஏளு, வம்பு பேச நூறு ஆளு,*
*காலயில கம்மங்கூளு, கதைய இப்ப நீயும் கேளு.*

எங்கே மூச்சு வாங்கினாள் என்றே தெரியவில்லை. குரலை விற்றுப் பிழைக்கிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். "இன்னொரு தடவை பாடு" என்றேன். பதிவுக்காக இல்லை, கேட்பதற்காக.

2. ழானா

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இந்த வேலை கிடைத்ததே ஓர் எழுத்தால்தான். முதல் நாள் எங்கள் ஸ்டுடியோ முதலாளி அண்ணாச்சி என்னை மைக் முன்னால் நிறுத்தி, "பழைய பேருந்து நிலையம் எதிரில்" என்று வாசிக்கச் சொன்னார். எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் 'பளைய' என்றுதான் வாசித்தார்களாம். நான் ஞாயிறுதோறும் சர்ச்சில் வேதம் வாசித்துப் பழகியவள். நாக்கை மடித்து ஒரு ழானா போட்டேன். "ஒனக்குத்தாம்மா வேல" என்றார் அண்ணாச்சி.

மாரியின் பாட்டை மதுரையில் ராப் நிகழ்ச்சி நடத்தும் ஒருவருக்கு அனுப்பினோம். சென்னைக்காரர். அவருக்குப் பிடித்துப்போனால் மேடையில் ஒரு ஸ்லாட் கிடைக்கும். மாரிக்கு அது சும்மா ஒரு மேடை இல்லை. "ஒளுங்கா ஒரு மேட கெடச்சாப் பாடு. இல்லன்னா இந்தத் தீவாளி சீசனோட பாட்டக் கட்டி வச்சிரு" என்று அவள் அம்மா முடிவாகச் சொல்லியிருந்தார்.

போன் வந்தது. "பாட்டு செம மேடம். ஆனா ழ வரல, ரொம்ப லோக்கலா இருக்கு. சரிபண்ணி அனுப்புங்க. இல்லன்னா ஸ்லாட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

எனக்கு அது தப்பாகவே படவில்லை. ழானா என் சாப்பாடு ஆயிற்றே. ஒரு மத்தியானம் முழுக்க மாரியை நிற்க வைத்து நாக்கை மடிக்கப் பழக்கினேன். பாவம், அவளும் மடித்தாள். ஏழு, கம்மங்கூழு. சுத்தமான டேக் ஒன்று கிடைத்தது. போட்டுக் கேட்டோம்.

செய்தி வாசித்தது மாதிரி இருந்தது.

மாரிதான் பேசினாள். "அக்கா, நீங்க ஏழுன்னு மடக்குனா, பாட்டுல வர்ற 'நூறு ஆளு' எங்கன போயி ஒட்டுவான்? கூழுன்னு சொன்னா 'கேளு' தனியா நிக்காளே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாட்டின் தாளமே அந்த ளானாவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "கெடைக்காட்டி போகுதுக்கா, பளசையே அனுப்புங்க" என்றாள். ஸ்லாட் போனால் பாட்டும் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

சென்னைக்காரருக்கு நானே போன் போட்டேன். "தம்பி, நான் இத்தனை வருசமா ழ சொல்லியே சோறு திங்கிறவ. அந்த நான் சொல்றேன், இந்தப் பாட்டுல ழ போட்டா அதுதான் தப்பு."

அவர் பழைய டேக்கை இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டார். பிறகு, "சரி மேடம். முதல் ஸ்லாட் தர்றேன். கூட்டம் வர்றதுக்குள்ள பாடிட்டு இறங்கிடணும்" என்றார்.

3. மதுரை

கூட்டம் முன்னாலேயே வந்துவிட்டது. சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். இத்தனை பேர் ராப் கேட்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மாரியின் அம்மா என் பக்கத்தில் கைப்பையை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

மாரி ஏறினாள். முதல் சுற்றில் எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டாவது சுற்றில் "காலயில கம்மங்" என்று நிறுத்தி மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள்.

"கூளு" என்றது மொத்த ஹாலும்.

நான் நாற்காலியை விட்டு எழுந்து கத்தினேன். தொண்டையைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிறவள், அன்றைக்குக் கத்தின கத்தலில் ரெண்டு நாள் விளம்பரம் வாசிக்க முடியவில்லை. மாரியின் அம்மா என் கையைச் சுரண்டினார். "இங்கன அடுத்த மேட எப்பன்னு கேளுங்களேன்."

4. முதல் டேக்

இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றால் ரூம் ராப் பாடுகிறவர்களுக்குத்தான். சாத்தூரிலிருந்து தீப்பெட்டி ஆபீஸ் பையன் ஒருவன் வருகிறான், வெம்பக்கோட்டையிலிருந்து அக்கா தங்கச்சி இரண்டு பேர். கறுப்புச் சட்டையைப் பார்த்தால் நான் வயதைக் கேட்பதில்லை, பீட்டைக் கேட்கிறேன். புதிதாக ரெக்கார்டிங்குக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: திருத்துவதற்கு முன்னால் ஒரு தடவை முழுசாகக் கேளுங்கள். தப்பு என்று காதில் படுவதுதான் சில சமயம் பாட்டாக இருக்கும்.

போன சீசனில் ஒரு பட்டாசுக் கடைக்காரர் வந்தார். "அந்தத் திரிப்பிள்ள பேசுத மாதிரி, நம்ம ஊரு வாயில ஒரு விளம்பரம் வேணும்" என்றார். மாரி வேலைக்குப் போயிருந்தாள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் மைக் முன்னால் போய் நின்றேன்.

"பளைய பஸ்டாண்டு எதுத்தாப்ல."

முதல் டேக்கே ஓகே. அண்ணாச்சி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "ஒனக்கு ளானா இம்புட்டு நல்லா வருமாம்மா?" என்று கேட்டார்.

"வீட்டுல அதானே அண்ணாச்சி பேசுறேன்" என்றேன்.